சாம்பியன் ரீப்பில் ஜோலா

1884 பிப்ரவரி கடைசியில் பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஜோலா பிரான்சின் வடக்கே இருக்கும் ஆன்சான் நிலக்கரி வயலுக்குப் போய் இறங்கினார். அங்கே வேலைநிறுத்தம் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. சுமார் பன்னிரண்டாயிரம் தொழிலாளர்கள் குழிக்குள் இறங்க மாட்டோம் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியாள் யாரும் அந்த நேரத்தில் சுரங்கத்துக்குள் லேசில் போய்விட முடியாது. அல்பிரெட் ஜியார் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அவரைத் தம்முடைய செயலாளர் என்று சொல்லி உடன் அழைத்துப்போனார்.

ஜோலாவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பருத்த உடம்பு, கிட்டப்பார்வை. உயிரோடு மண்ணுக்குள் அகப்பட்டுக்கொள்வதைப் பற்றிய பயம் அவருக்கு வாழ்நாள் முழுக்க இருந்தது. அந்தப் பயத்தோடுதான் ரெனார் குழியின் கூண்டில் ஏறி அறுநூறு மீட்டருக்கும் கீழே போனார். மேலிருந்து கொட்டும் தண்ணீர், குனிந்தே நடக்கவேண்டிய வழிகள், நிலத்தடியில் குதிரைகளுக்கு லாயம், கூலிக் கணக்கு, வீடுகளின் அளவு, எந்த வயதில் என்ன நோய் வருகிறது என்ற விவரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். தங்கியது ஏறக்குறைய ஒரு வாரம். அந்தக் குறிப்புகளை இன்றைக்கும் பாரிசில் தேசிய நூலகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 2, அவருடைய பிறந்தநாள். அன்றைக்கு 'ஜெர்மினல்' நாவலை எழுத உட்கார்ந்தார். அடுத்த ஜனவரியில் முடித்தார்.

*

அந்த நாவலை நான் ஆங்கில வழியாகப் படித்தேன். படித்த இடம் கோலார் தங்கவயல். வேறு ஊரில் இருந்து படித்திருந்தால் வேறு புத்தகமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் அத்தியாயங்களில் எத்தியேன் என்ற இளைஞன் வேலை தேடி இரவில் நடந்து வருகிறான். மறுநாள் விடியுமுன் கூண்டில் ஏறி 554 மீட்டர் இறங்குகிறான். பாரிசு வாசகர் அந்த எண்ணைப் பார்த்து மலைத்திருப்பார். எங்கள் ஊரில் சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. ஒரே கூண்டில் அவ்வளவு ஆழம் போக முடியாது. ஒரு சாஃப்டில் இறங்கி, நடந்து, இன்னொரு சாஃப்டில் மாறி இறங்கவேண்டியிருந்தது. அடியில் பாறையின் சூடே அறுபது டிகிரியைத் தாண்டும். மேலே குளிரூட்டிய காற்றைக் கீழே அனுப்பினால்தான் ஆள் நிற்க முடிந்தது.

ஜோலா ஆன்சானில் இறங்கிய அதே பத்தாண்டில்தான் இங்கேயும் எல்லாம் தொடங்கியது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1880-களின் நடுவில் மைசூர் மைனில் செழிப்பான தங்கப் படிவம் அகப்பட்டது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் சனம் வந்து தட்டி வீடுகளில் குடியேறியது. பெரும்பாலும் ஊரில் சேரிக்குள் இருந்தவர்கள். பண்ணையாரிடமிருந்து தப்பி வந்தவர்களுக்குச் சுரங்கம் ஒரு வகையில் விடுதலையாகவும் இருந்தது. இதை 'ஜெர்மினல்' எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்த நாவலில் சுரங்கம் ஆட்களை விழுங்கும் மிருகம் மட்டும்தான். எங்கள் பாட்டன்மாருக்கு அது விழுங்கவும் செய்தது, கையில் ரொக்கக் கூலியும் கொடுத்தது, சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவனின் கண்ணுக்கு அப்பால் கொண்டுபோயும் வைத்தது. மூன்றையும் சேர்த்து எழுத ஜோலா அளவுக்கு ஒருவர் வேண்டும்.

*

ஜோலாவின் அப்பாவும் பாறை உடைத்தவர்தான். பிரான்செஸ்கோ ஜோலா, வெனிசில் பிறந்த இத்தாலியப் பொறியாளர். எக்ஸ் நகருக்குக் குடிநீர் கொண்டுவர அணையும் கால்வாயும் திட்டமிட்டார். வேலை தொடங்கிய கொஞ்ச நாளில், 1847-ல் இறந்துபோனார். மகனுக்கு அப்போது ஏழு வயதுகூட நிறையவில்லை. பிறகு கடன், வழக்கு, சின்ன வீட்டிலிருந்து இன்னும் சின்ன வீடு. பள்ளியில் கூட்டாளி பின்னாளில் ஓவியராகப் பெயர் பெற்ற பால் செசான். பாரிசுக்கு வந்து பள்ளி இறுதித் தேர்வில் இரண்டு முறை தோற்றார். வேலையில்லாமல் பட்டினி கிடந்தார். 1862-ல் ஹாஷெட் பதிப்பகத்தில் புத்தகப் பொட்டலம் கட்டும் பிரிவில் சேர்ந்து, விளம்பரப் பிரிவுக்கு உயர்ந்தார்.

அந்தப் பொட்டலம் கட்டும் மேசையைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. எந்தப் புத்தகம் போகிறது, எது தங்குகிறது, ஒரு எழுத்தாளன் எதற்காகக் கடிதம் எழுதுகிறான், பத்திரிகைக்காரனுக்கு என்ன தேவை என்பதெல்லாம் அங்கே தெரியும். நான்கு வருடத்தில் அந்த வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்க வந்தார். 1866-ல் மானே என்ற ஓவியரை ஊரே கேலி செய்தபோது அவருக்காக எழுதினார். வாசகர்கள் கோபப்பட்டு ஆசிரியருக்குக் கடிதம் போட்டார்கள். தொடரை நிறுத்தவேண்டி வந்தது.

நாவலாசிரியர் ஜோலாவைப் பேசுகிறவர்கள் பத்திரிகைக்காரர் ஜோலாவைப் படிக்கட்டுபோல ஏறிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. போய்ப் பார், விலையைக் கேள், பெயரைக் கேள், அளவைக் குறி என்பது பத்திரிகை வேலை. அதை விடாமல் வைத்துக்கொண்டதால்தான் 1871 முதல் 1893 வரை ஒரே குடும்பத்தின் கிளைகளை வைத்து இருபது நாவல்கள் எழுத முடிந்தது. சந்தை, குடிக்கடை, ரயில், துணிக்கடை, வயல், பங்குச்சந்தை, போர்க்களம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுக் குறிப்புகள்.

*

நாவலின் தொடக்கத்திலேயே போன்மோர் என்ற கிழவர் வருகிறார். ஐம்பத்தெட்டு வயது. இருமித் துப்பினால் கரியாக விழுகிறது. நெஞ்சுக்குள் இருக்கும் கரி சாகிறவரைக்கும் அடுப்பெரிக்கப் போதும் என்கிற மாதிரிப் பேசுவார்.

சுரங்கத்தில் வேலை செய்த என் நைனாவின் சளி கறுப்பாக இருந்ததில்லை. தங்கச் சுரங்கத்துத் தூசி கறுப்பல்ல, வெள்ளைக்கல் தூசி. அது கண்ணுக்குத் தெரியாமல் போய் நுரையீரலில் தங்கிவிடும். சிலிக்கோசிஸ் என்ற நோய் இந்தியாவில் முதன்முதலில் மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டது எங்கள் வயல் தொழிலாளர்களிடம்தான். நைனா வேலையிலிருந்து நின்ற பிறகு திண்ணையில் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு உட்காருவார். முதுகைச் சாய்க்க மாட்டார். சாய்ந்தால் மூச்சு வராது. ஒரு வாக்கியத்தை இரண்டாக வெட்டித்தான் பேசுவார். முதல் பாதியைச் சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். நான் மீதியை முடித்துக் கேட்பேன், அவர் தலையாட்டுவார். கடைசி வருடங்களில் எங்கள் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது.

நிலக்கரிக்காரர்களின் உடம்பில் நீலத் தழும்புகள் இருக்கும் என்று ஜோலா எழுதுகிறார். தோல் கிழிந்த இடத்தில் கரித்தூள் புகுந்து, புண் அதன்மேல் மூடி, பச்சை குத்தினாற்போல நின்றுவிடும். மனைவி கணவனின் முதுகைத் தொட்டியில் வைத்துத் தேய்க்கும் காட்சியில் அது வருகிறது. அந்த இடம் அவர் பார்த்து எழுதியது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கற்பனையில் தழும்பு வரும். அதன் நிறம் வராது.

*

எங்கள் ஊரில் நிலக்கரி வாயு வெடிப்பது கிடையாது. சுரங்கம் ஓடிய நாளில் இங்கே பயம் ராக் பர்ஸ்ட். தோண்டித் தோண்டி வெற்றிடமான இடத்தைச் சுற்றியுள்ள பாறைமேல் பாரம் ஏறி, ஒரு நொடியில் அது சிதறும். அதிர்ச்சி மேலே ஊருக்குள் தெரியும். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும். ஓடு நகரும்.

அப்படி ஒரு அதிர்வு வந்தால் தொழிலாளர் லைன் வீடுகளில் பெண்கள் முதலில் செய்வது கடிகாரத்தைப் பார்ப்பது. இப்போது உள்ளே எந்த ஷிப்ட்? அந்த ஷிப்டில் நம் வீட்டாள் உண்டா, பக்கத்து வீட்டாளா? அம்மா கணக்குப் போட்டு முடிக்கிறவரை யாரும் பேசக்கூடாது. நம்முடையவர் மேலே இருக்கிறார் என்று தெரிந்தாலும் அம்மா பெருமூச்சு விடமாட்டார். அடுத்த வீட்டு வாசலுக்குப் போய் நிற்பார். அங்கே கணக்கு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

'ஜெர்மினல்' நாவலில் குழி உடைந்து தண்ணீர் புகும்போது மேலே பெண்கள் திரண்டு நின்று பெயர் கேட்கிறார்கள். பெயர்கள் உடனே கிடைப்பதில்லை. அந்தப் பக்கங்களைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து நடந்தேன்.

*

வேலைநிறுத்தம் எதனால் தொடங்குகிறது என்பதை ஜோலா சொல்லும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய கொள்கை எதுவும் முதலில் இல்லை. குழிக்குள் கூரை இடிந்துவிடாமல் மரம் முட்டுக் கொடுக்கவேண்டும். கரி வெட்டும் கூலிக்குள்ளேயே அந்த வேலையும் அடங்கியிருந்தது. நேரம் போகிறதென்று ஆட்கள் அவசரமாக முட்டுக் கொடுத்தார்கள். கம்பெனி அபராதம் போட்டது. பிறகு, முட்டுக்குத் தனிக் கூலி, ஒரு வண்டிக் கரிக்கான கூலியில் குறைப்பு என்று அறிவித்தது. கூட்டிக் கழித்தால் தொழிலாளிக்கு நஷ்டம். சில காசுகள்தான். அந்தச் சில காசுகளின் கணக்கை அவர் பொறுமையாக, வரி வரியாக, வாசகருக்கும் புரியும்படி போட்டுக் காட்டுகிறார். ஒரு குடும்பத்தில் அந்தக் காசு ரொட்டியாக, வெண்ணெயாக எப்படிக் குறைகிறது என்றும் காட்டுகிறார்.

நிஜ ஆன்சான் போராட்டம் 56 நாள் நடந்து தோற்றது. அது நடந்துகொண்டிருந்தபோதே, மார்ச் 21 அன்று, பிரான்சில் தொழிற்சங்கம் வைக்க அனுமதிக்கும் சட்டம் வந்தது.

இங்கே 1930 ஏப்ரலில் தொழிலாளர்கள் 21 நாள் வேலைக்குப் போகவில்லை. காரணம் கைரேகை. ஒவ்வொரு தொழிலாளியின் விரலையும் மையில் தொட்டுப் பதிவு வைக்கக் கம்பெனி முடிவு செய்தது. ஒரு சுரங்கத்தில் நீக்கப்பட்டவன் இன்னொரு சுரங்கத்தில் வேறு பெயரில் சேர்ந்துவிடாமல் இருக்க அது வழி. தொழிலாளிக்கு அது வேறு மாதிரிப் பட்டது. கைரேகை எடுப்பது திருடனிடம். தங்கம் எடுத்துக் கொடுக்கிற எங்களைத் திருடன் என்கிறாயா? போலீஸ் வந்தது, துப்பாக்கியும் வந்தது. கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது.

கூலிக்காக அல்ல, விரலுக்காக நடந்த போராட்டம். ஜோலா இதைக் கேட்டிருந்தால் ஒரு வாரம் தங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

*

அவரிடம் ஒப்புக்கொள்ள முடியாதவையும் உண்டு. இரத்தத்தில் வருகிறது, பரம்பரையில் வருகிறது என்று அந்தக் காலத்து விஞ்ஞானத்தை நம்பி, எத்தியேனுக்குள் ஒரு கொலைவெறியை வைத்துவிடுகிறார். நாவலுக்கு அது வேண்டியதே இல்லை. பசித்த கூட்டம் தெருவில் இறங்கும்போது அவருக்கே பயம் வந்துவிடுகிறது. மனிதர்கள் மிருகங்களாகத் தெரிகிறார்கள். வெளியிலிருந்து வந்தவரின் பயம் அது. கூட்டத்துக்குள் இருந்தவனுக்கு ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் தெரியும்.

ஆனால் அதே நாவலில் வரும் மாயூ என்ற தொழிலாளியின் மனைவி. ஏழு பிள்ளைகளோடு கஞ்சிக்குக் கணக்குப் பார்க்கும் அந்தப் பெண், முதலில் போராட்டமே வேண்டாம் என்கிறாள். தொடங்கியபின் விட்டுக்கொடுக்கக்கூடாது என்கிறாள். கணவன் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகும் நிற்கிறாள். எல்லாம் முடிந்து, நாற்பது வயதில், அவளே குழிக்குள் வேலைக்கு இறங்குகிறாள். உலக இலக்கியத்தில் எங்கள் லைன்களில் இருந்த அத்தைமார்களுக்கு இவ்வளவு கிட்டத்தில் நிற்கும் இன்னொரு பெண்ணை நான் படித்ததில்லை.

*

1898 ஜனவரி 13. 'லோரோர்' என்ற பாரிசு நாளிதழின் முதல் பக்கம் முழுவதும் ஒரு கடிதம். குடியரசுத் தலைவர் பெலிக்ஸ் போர் என்பவருக்கு ஜோலா எழுதியது. யூதரான இராணுவ அதிகாரி ஆல்பிரெட் டிரைபஸ் உளவாளி என்று பொய்யாகத் தண்டிக்கப்பட்டுத் தீவுச் சிறையில் கிடந்தார். அந்த அநியாயத்துக்குத் துணைபோன தளபதிகளைப் பெயர் பெயராகச் சொல்லிக் குற்றம் சாட்டினார் ஜோலா. தம்மேல் அவதூறு வழக்குப் போடட்டும், நீதிமன்றத்தில் உண்மை வெளிவரட்டும் என்பதுதான் அவர் எண்ணம். ஏறக்குறைய மூன்று லட்சம் பிரதிகள் விற்றன.

அப்போது அவருக்குப் பணம் இருந்தது, மெதான் கிராமத்தில் வீடு இருந்தது, புகழ் இருந்தது. இருபது நாவல் வரிசையை முடித்துவிட்டார். பேசாமல் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். பேசியதற்கு ஓராண்டுச் சிறை, மூவாயிரம் பிராங்கு அபராதம். தெருவில் அவர் உருவபொம்மையை எரித்தார்கள். இத்தாலியன் மகன் என்று ஏசினார்கள், செத்துப்போன அப்பாவின் பெயரையும் இழுத்தார்கள். ஜூலையில் இங்கிலாந்துக்குத் தப்பிப்போய், மொழி தெரியாத ஊரில் பதினொரு மாதம் ஒளிந்திருந்தார்.

போன்மோரின் இருமலைக் குறித்துக்கொண்ட கைதான் அந்தக் கடிதத்தையும் எழுதியது. இரண்டும் எனக்கு ஒரே வேலையாகத் தெரிகின்றன.

*

'லோரோர்' ஒரு பிரதி ஐந்து சாந்தீம், ஏழை வாங்கும் விலை. 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய இதழின் பெயரிலேயே விலை இருந்தது: 'ஒரு பைசாத் தமிழன்'. அடுத்த ஆண்டு 'தமிழன்' ஆயிற்று. அதே 1907-ல் இங்கே மாரிக்குப்பத்தில் அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை அமைந்தது. அவருடைய இதழுக்குச் சந்தா கட்டியவர்களிலும் கைப்பொருள் தந்தவர்களிலும் சுரங்கத் தொழிலாளர்கள் உண்டு. ஷிப்ட் முடிந்து வந்து ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள்.

1914-ல் பண்டிதர் மறைந்தார். சில காலத்தில் இதழும் நின்றது. 1926-ல் அதை மறுபடி எழுப்பியது தங்கவயல். ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருக்க, 'தமிழன்' இந்தச் சாம்பியன் ரீப்பிலிருந்து வெளிவந்தது. இங்கேயே சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டது.

பாரிசிலிருந்து ஒருவர் செயலாளர் வேஷத்தில் வந்து குறிப்பெடுக்கவேண்டிய நிலையில் இந்த ஊர் இல்லை என்று இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் நிமிரும். பாறை உடைத்த கை பத்திரிகைக்குக் காசு கொடுத்தது, எழுத்துக் கோத்தது. ஆனால் அவர்கள் சாதியைப் பற்றி எழுதினார்கள், பௌத்தத்தைப் பற்றி எழுதினார்கள், கல்வியைப் பற்றி எழுதினார்கள். தினமும் இறங்கிய குழியைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்தது, எழுத என்ன இருக்கிறது என்று விட்டிருக்கலாம். இன்றைக்கு அதுதான் யாருக்கும் தெரியாததாக ஆகிக்கொண்டு வருகிறது.

*

ஜோலா செத்தது வாயுவால். 1902 செப்டம்பர் 29, பாரிசு வீட்டுப் படுக்கையறையில் கணப்பின் புகைபோக்கி அடைபட்டு, கார்பன் மோனாக்சைடு நிறைந்து, விடியும்போது இறந்து கிடந்தார். மனைவி பிழைத்தார். வேண்டுமென்றே யாரோ அடைத்தார்கள் என்ற பேச்சும் எழுந்தது, முடிவாக எதுவும் நிரூபணமாகவில்லை. சவ ஊர்வலத்தில் வடக்கிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர் குழு ஒன்று 'ஜெர்மினல், ஜெர்மினல்' என்று சொல்லிக்கொண்டே நடந்தது. 1906-ல் டிரைபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. 1908-ல் ஜோலாவின் உடலைப் பாந்தியோனுக்கு மாற்றினார்கள்.

அதே 1902-ல்தான் சிவசமுத்திரத்திலிருந்து நூற்று நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூருக்கு விளக்கு வருமுன் எங்கள் சுரங்க இயந்திரங்களுக்கு வந்துவிட்டது. தொழிலாளியின் தட்டி வீட்டுக்கு வர அதற்கப்புறம் பல காலம் ஆயிற்று.

*

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். நூற்றிருபது ஆண்டுகளில் ஏறக்குறைய எண்ணூறு டன் தங்கம் போயிருந்தது. அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் மேடாக நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூள் வீட்டுக்குள் வருகிறது. பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறார்கள். குழிக்குள் இறங்கியவர்களில் இளையவருக்கே இப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

ஆன்சான் குறிப்புகளைப் படித்ததிலிருந்து நானும் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். எங்கள் தெருவில் முன்பு டிம்பர்மேனாக இருந்த ஒரு பெரியவர். போராட்டம், தலைவர்கள் என்று கேட்டபோது பொதுவாகச் சொன்னார். முட்டுக் கொடுக்கிற மரத்தைப் பற்றிக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார். "மரம் சத்தம் குடுக்கும்பா. கிறீச்சுனு ஒண்ணு வரும். பாரம் ஏறுதுன்னு அர்த்தம். ஆளுங்கள வெளிய இழுத்துடணும். சில நேரம் கல்லு அதுக்கும் டைம் குடுக்காது." எந்த மரம் என்று கேட்டேன். தடிமன், நீளம், எத்தனை பேர் தூக்குவார்கள், ஆப்பு எந்தப் பக்கம் அடிப்பது என்று கையாலேயே காட்டினார். விரல் இரண்டில் நகம் இல்லை. அது எப்படிப் போனது என்று நான் கேட்குமுன் அவரே சொன்னார்.

எல்லாம் எழுதிவைத்திருக்கிறேன். அடுத்த முறை கேட்க: முட்டுக்குத் தனிக் கூலி உண்டா, இல்லை ஷிப்ட் கூலிக்குள்ளேயா. கீழே சாப்பாட்டை எங்கே வைப்பார்கள். ஈரத் துணியை வீட்டில் யார் துவைப்பது, எந்தத் தண்ணீரில். அடையாளப் பித்தளை வில்லை தொலைந்தால் கூலியில் எவ்வளவு பிடித்தார்கள். அவருடைய அண்ணன் எந்த லெவலில் போனார், அன்றைக்கு எந்த ஷிப்ட்.